கூட்டாளி பிரிந்துபோன பிள்ளைக்கு ஒரு நாவல்: எதைக் கொடுப்பது, எப்படி வாசிப்பது?

வெள்ளவத்தை வாசகி

எல்லோருக்கும் வணக்கம். ஓ.எல் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புப் பிள்ளைகளின் கூட்டாளி வட்டம் கலைந்துபோகிறது. ஒருத்தி கணிதப் பிரிவுக்குப் போகிறாள், ஒருத்தி வர்த்தகம், இன்னொருத்தி பாடசாலையே மாறுகிறாள், நாலாவது பிள்ளை குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விடுகிறாள். "புதுக் கூட்டாளிமார் வருவினம்" என்று வீட்டில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பதினாறு வயதில் அந்த வரி ஒன்றையும் ஆற்றாது.

வெள்ளவத்தையில் 14 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆறேழு பேரை வைத்து, நட்பைப் பற்றிய ஒரு நாவலை மட்டும் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் சேர்ந்து வாசிக்கிற வட்டம் ஒன்று தொடங்க எண்ணம். சிலர் தமிழ் மொழிமூலம், சிலர் ஆங்கில மொழிமூலம். எந்த நாவல்? ஒரு தடவைக்கு எத்தனை பக்கம்? எந்த இடத்தில் பிழைக்கும்? இந்த வேலை தெரிந்தவர்கள் விபரமாய் எழுதுங்கோ.

நூலகத்தடி

முதலில் புத்தகத்தைப் பார்ப்போம். என் தெரிவு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'. 1947இல் வந்த சிங்கள நாவல். தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பு உண்டு, அதனால் இரண்டு மொழிமூலப் பிள்ளைகளும் ஒரே கதைக்குள் இருக்கலாம்.

கொக்கலைப் பக்கத்துக் கிராமம். கதையைச் சொல்கிற உபாலி சின்ன வயதிலேயே தாயை இழந்து, சிற்றன்னையோடு வளர்கிற பெரிய குழப்படிக்காரன். அவனுடைய கூட்டாளி ஜின்னா அதே வீட்டில் வேலைக்கு நிற்கிற பொடியன். இரண்டு பேரும் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். ஒரு கமக்காரரிடம் வேலை செய்கிறார்கள். பிறகு, பேய் உலாவுகிறது என்று சனம் பயந்து ஒதுங்கிய ஒரு காட்டுத் தீவை வெட்டித் திருத்திப் பயிர் வைக்கிறார்கள்.

மனம் நொந்த பிள்ளைக்கு இது ஏன் பொருந்தும் என்றால், கதையில் ஒருவரும் நட்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவதில்லை. பற்றை வெட்டுகிறார்கள், தோணியில் போகிறார்கள், இரவில் பயப்படுகிறார்கள். பிணைப்பு முழுக்க வேலையில்தான் தெரியும். துக்கத்தில் இருக்கிற பிள்ளை தன்னைப் பற்றிக் கதைக்க வேண்டிய கட்டாயமில்லாமல் அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் போய் இருந்துகொள்ளலாம். தகப்பனின் மரணத்துக்குப் பிறகு உபாலி சிற்றன்னைக்கும் தம்பிக்கும் துணையாய் நின்றுவிட்டுத் திரும்பவும் தீவுக்கே போகிறான். வீடு, கூட்டாளி என்ற இரண்டில் ஒன்றை அறுத்தெறிய வேண்டியதில்லை என்பதை அந்தக் கடைசிப் பகுதி சத்தமில்லாமல் காட்டிவிடும்.

வேறு நாவல் எடுப்பதானாலும் சரி, கொடுக்க முன்பு பெரியவர் ஒருவர் கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்க வேண்டும். பின்அட்டையை நம்பக் கூடாது. வாசிக்கும்போது நாலு இடத்தைப் பாருங்கள். கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் எங்கேயாவது நோகடிக்கிறார்களா? நோவே இல்லாத நட்புக் கதை இந்தப் பிள்ளைகளுக்குக் கூடாது. அதை வாசித்துவிட்டு "எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒருத்தி இல்லை" என்று இன்னும் சுருண்டுபோவார்கள். அடுத்தது, கூட்டாளிக்கென்று சொந்த ஆசை இருக்கிறதா, இல்லை கதாநாயகனுக்குத் துணைபோகத்தான் படைக்கப்பட்டிருக்கிறானா? பிணக்கை யார் தீர்க்கிறார்கள்? ஆசிரியரோ பாட்டனோ இரண்டு பக்கம் புத்தி சொல்லித் தீர்த்துவைத்தால் பிள்ளைகள் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். கடைசியாக முடிவு. எல்லாம் பழையபடி ஒட்டிக்கொள்கிற முடிவைவிட, பாதி ஒட்டி மீதி வடுவாய் நிற்கிற முடிவு இந்தக் காரியத்துக்கு நல்லது.

பிரதிக்கு பூபாலசிங்கம் புத்தகசாலையில் கேளுங்கள், செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆங்கிலப் பிரதிக்கு கொழும்பு 7 பொது நூலகத்தையும் பாருங்கள். செப்ரெம்பர் வரை பொறுக்க முடியுமென்றால் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில் எல்லாப் பதிப்பாளரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

தெஹிவளை டீச்சர்

புத்தகத் தெரிவு நல்லது. நான் நடத்துகிற விதத்தைப் பற்றி எழுதுகிறேன், பெரும்பாலான வட்டங்கள் படுத்துப்போவது அங்கேதான்.

ஆட்கள் 6 முதல் 8 பேர். 5க்குக் கீழே போனால் பேசாமல் இருக்க விரும்புகிற பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. 9க்கு மேலே போனால் இரண்டு பேர் கதைக்க மற்றவர்கள் பார்வையாளர்கள். கதிரைகளை வட்டமாய்ப் போடுங்கள், நடுவில் மேசை வேண்டாம். வெண்பலகை உள்ள அறை என்றால் நடத்துபவர் பலகைப் பக்கமாய் இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் இருந்தால் அது வகுப்பு ஆகிவிடும்.

நேரம் ஒரு மணித்தியாலம். அதில் 30 நிமிடம் உரத்த வாசிப்பு, 20 நிமிடம் கதை, மிச்சம் பத்து நிமிடம் வந்து இருக்கவும் தேத்தண்ணி குடிக்கவும். தமிழில் நிதானமாய் உரத்து வாசித்தால் அரை மணித்தியாலத்தில் 10, 12 பக்கம் போகும். 150 பக்க நாவலை முழுக்க இப்படி வாசித்தால் 13 முதல் 15 கிழமை வரை இழுபடும். ரியூசன் கால அட்டவணையோடு எந்தப் பிள்ளையும் அத்தனை கிழமை நிற்காது. கிழமைக்கு 25 பக்கம் என்று வைத்து, அதில் பாதியை வீட்டில் வாசிக்க விட்டால் 6 கிழமையில் முடியும். எந்தப் பாதியை வட்டத்தில் வாசிப்பது என்பதுதான் நடத்துபவரின் கெட்டித்தனம். இரண்டு பேருக்கிடையில் ஏதாவது மாறுகிற காட்சிகளை வட்டத்துக்கு எடுங்கள். பிரயாணம், ஊர் வர்ணனை எல்லாம் வீட்டுக்கு.

உரத்து வாசிப்பதை வரிசைக்கிரமமாய்ச் சுற்றி விட வேண்டாம். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை தன்னுடைய பந்தி எது என்று விரலால் எண்ணி, அதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். கதை காதில் ஏறாது. நடத்துபவர் வாசிக்கட்டும். நடுவில் "ஆருக்காவது வாசிக்க விருப்பமா?" என்று பொதுவாய்க் கேளுங்கள், ஒருவரும் கை தூக்காவிட்டால் நீங்களே தொடருங்கள். மூன்றாம் கிழமையளவில் தானாகக் கேட்டு வாங்குவார்கள்.

நிறுத்தும் இடங்களை முதல்நாளே பென்சிலால் குறித்துவையுங்கள். ஒரு தடவைக்கு மூன்று இடம் போதும். ஒரு ஆள் முடிவு எடுக்க முன்பு நிறுத்த வேண்டும், எடுத்த பிறகு நிறுத்தினால் தீர்ப்புச் சொல்லத்தான் பிள்ளைகளுக்கு வரும். நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆறாவது எண்ணில் அந்த மௌனம் தாங்க முடியாமல் பெரியவர்கள் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். அந்த நாலு எண்ணைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"இதிலிருந்து என்ன படிப்பினை?" என்று மட்டும் கேட்காதீர்கள். தமிழ் இலக்கிய நயம் படித்த பிள்ளை உடனே "இங்கு நட்பின் மேன்மை புலப்படுகிறது" என்று பரீட்சைத் தாளுக்கு எழுதுகிற மாதிரிச் சொல்லும். அதோடு கதவு சாத்தினபடிதான். "இவன் ஏன் இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றான்?", "இவளுக்கு அப்போது தெரியாதது என்ன?" இப்படிக் கேளுங்கள். "உமக்கும் இப்படி நடந்திருக்கா?" என்ற கேள்வி கூடவே கூடாது. பேச்சு முழுக்க பாத்திரத்தின் மேலேயே நிற்கட்டும். பிள்ளை தன் கதையை உபாலியின் பெயரில் சொல்லும், எங்களுக்கும் அது விளங்கும், ஆனால் அந்தப் பெயரைக் கழற்றுகிற உரிமை பிள்ளைக்கு மட்டும்தான்.

கொட்டாஞ்சேனைக் குமரன்

டீச்சர் சொன்ன முறை நூற்றுக்கு நூறு சரி. புத்தகத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வட்ஸ்அப்பில் 'பார்த்தும் பதில் போடவில்லை' என்று அழுகிற பிள்ளைக்கு 1890களின் கொக்கலைத் தீவு என்ன சொல்லும்? தன் ஊர், தன் மழை, தன் பாடசாலை என்று இருந்தால்தானே ஒட்டும்.

ஷ்யாம் செல்வதுரையின் ஆங்கில நாவல் 'ஸ்விமிங் இன் த மொன்சூன் சீ' (பருவமழைக் கடலில் நீந்துதல்) 2005இல் வந்தது, கதை நடப்பது 1980இல், கொழும்பில். 14 வயது அம்ரித், கனடாவிலிருந்து வருகிற மைத்துனன் நிரேஷ், பாடசாலையில் 'ஒதெல்லோ' நாடகப் போட்டி. நெருக்கமானவன் இன்னொருவரோடு சேரும்போது வருகிற எரிச்சலை, பொறாமை ஆளை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதை இவ்வளவு கிட்டப் போய்க் காட்டிய நம்மூர் இளையோர் நாவல் வேறொன்று சொல்லுங்கள் பார்ப்போம். கூட்டாளி வட்டம் உடைவதில் பாதி பொறாமைதான். அதை மறைத்துவிட்டு ஆறுதல் சொல்லிப் பிரயோசனமில்லை.

தெஹிவளை டீச்சர்

குமரன் தம்பி, அது நல்ல நாவல், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் புத்தகமாய் எடுக்க மாட்டேன். அம்ரித்துக்கு நிரேஷ் மேல் வருவது காதல். அப்படி ஒரு மனதோடு ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கிற பிள்ளை எந்த வட்டத்திலும் இருக்கலாம். இன்னும் பழகாத வட்டத்தில் யாராவது இளித்தாலோ, யாரையாவது ஜாடையாய்ப் பார்த்தாலோ அந்தப் பிள்ளை அடுத்த கிழமை வராது. ஒரு புத்தகம் முடித்து, ஒருவர் பேச்சை ஒருவர் காக்கப் பழகின பிறகு, ஆங்கிலம் சரளமாய் வாசிக்கிற 16, 17 வயதுப் பிள்ளைகளோடு தாராளமாய் எடுக்கலாம். பெற்றோருக்கு என்ன கதை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கொடுத்தால் நடுவில் புத்தகத்தைப் பறிப்பார்கள், பாதிக் கதையோடு நிற்கிற பிள்ளைக்கு அது இன்னொரு காயம்.

மனசோடு

பாடசாலை உளவளத்துணை வேலை தெரிந்த ஆள் என்ற வகையில் குமரனுக்கும் நூலகத்தடிக்கும் நடுவில் ஒரு விஷயம்.

புத்தகத்தை மனத்துயருக்கு மருந்தாகக் கொடுக்கும் முறைக்குத் தனிப் பெயர் வைத்து 1916இல் சாமுவேல் குரோதர்ஸ் எழுதினார். 1949இல் கரோலின் ஷ்ரோட்ஸ் தன் ஆய்வில் அதை மூன்று படியாய்ப் பிரித்தார்: வாசகர் பாத்திரத்தில் தன்னைக் காண்பது, அடக்கி வைத்தது வெளிவருவது, பிறகு தன் நிலைமை பற்றி ஒரு தெளிவு கிடைப்பது. எங்கள் ஆட்கள் செய்கிற பெரிய பிழை முதல் நாளே மூன்றாம் படிக்கு இழுப்பது. "பார், உபாலி எப்படிச் சமாளித்தான்!" என்று சொன்ன அந்தக் கணமே முதல் படியும் போய்விடும்.

முதல் படிக்குக் கதை அச்சொட்டாய்த் தன் கதை மாதிரி இருக்க வேண்டுமென்றில்லை. காயம் புதிதாய் இருக்கும்போது, ஏறக்குறைய முதல் மூன்று மாதம், கொஞ்சம் தள்ளி நிற்கிற கதைதான் பாதுகாப்பு. காலம் வேறு, ஊர் வேறு, ஆனால் உள்ளே ஓடுகிற உணர்ச்சி ஒன்று. சற்று ஆறின பிறகு குமரன் சொல்கிற மாதிரிக் கிட்டத்துக் கதை. ஆகவே நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு கட்டத்துக்குரிய புத்தகத்தைச் சொல்கிறீர்கள்.

கூட்டாளி இறந்துபோகிற நாவல்கள் தனி வகை. கத்தரின் பற்றர்சனின் 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' 1977இல் வந்தது, தன் மகனின் சிநேகிதி மின்னல் தாக்கி இறந்த பிறகு அவர் எழுதியது. அதில் மரணம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். அண்மையில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளை வட்டத்தில் இருந்தால், அப்படியான கதையில் மரணம் வருகிறது என்று அந்தப் பிள்ளையிடம் தனியே முன்பே சொல்லி, வாசிப்பதா விடுவதா என்று அதையே தீர்மானிக்க விடுங்கள். கதையின் திடுக்கீடு கெட்டாலும் பரவாயில்லை.

நாவலால் ஆகாத கட்டம் ஒன்றும் இருக்கிறது. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்பது இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால், விருப்பமான சாமான்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், "நான் இல்லாட்டி ஒருவருக்கும் ஒன்றுமில்லை" என்ற வகைப் பேச்சு வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பிள்ளையோடு நேரே, தனியே, மெதுவாய்க் கதையுங்கள். "சாக வேண்டும் என்று யோசித்தீரா?" என்று நேராய்க் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வராது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவிக்கு 1929, மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்டு உதவுகிற சுமித்ரயோ அமைப்பும் கொழும்பில் இருக்கிறது. இந்த இலக்கங்களை முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாய்க் கொடுங்கள். பிறகு ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் கண்டுவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனைக் குமரன்

கட்டம் என்று பிரித்தது விளங்குது. அப்படியென்றால் தீவு முதலில், மழை பிறகு. ஏற்றுக்கொள்கிறேன்.

தலவாக்கலை–வத்தளை

ஜின்னாவைப் பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லை. என்னைக் கேட்டால் இந்த நாவலில் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய புதுப் பார்வை முழுக்க அவனிடம்தான் இருக்கிறது.

கதையைச் சொல்வது உபாலி. வீட்டுக்காரப் பிள்ளை. ஜின்னா வேலைக்காரப் பிள்ளை. உபாலி சொல்லித்தான் ஜின்னாவை எங்களுக்குத் தெரியும், ஜின்னா தன் வாயால் கதை சொல்வதே இல்லை. கொழும்புத் தமிழ் வீடுகள் எத்தனையோவற்றில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள் அடுப்படியில் நின்ற வரலாறு இருக்கிறது. வீட்டு வேலை உட்பட எந்த வேலைக்கும் அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது 2021இல்தான். உங்கள் வட்டத்தில் ஒரு பிள்ளையின் அம்மாயி அப்படி வேலைக்கு நின்றவராக இருக்கலாம், பக்கத்துக் கதிரையில் இருக்கிற பிள்ளையின் வீடு அப்படி ஆள் வைத்திருந்த வீடாக இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே பக்கத்தை ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்கள். நடத்துபவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் வாசிக்கும்போது பென்சிலால் ஓரத்தில், முடிவு எடுப்பது உபாலி என்றால் 'உ', ஜின்னா என்றால் 'ஜி' என்று போடட்டும். நூலகப் பிரதி என்றால் பக்கத்தில் எழுதாமல் துண்டுக் கடதாசியில் பக்க எண்ணோடு குறிக்கலாம். இரண்டு அத்தியாயம் முடிந்ததும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம், எண்ணிக்கையைப் பார்த்ததும் அவர்களே தொடங்குவார்கள். "ஓடிப்போவமா என்று உபாலி கேட்டால் ஜின்னா மாட்டேன் என்று சொல்ல முடியுமா?" இந்த ஒரு கேள்வியே ஒரு மணித்தியாலத்துக்குக் காணும்.

அடுத்தது, ஒரு காட்சியை ஜின்னா சொல்வதாக 8, 10 வரி எழுதுவது. இங்கே வழக்கமாய் இரண்டு விதத்தில் பிழைக்கும். ஒன்று, ஜின்னாவை நன்றி மறவாத நாய்க்குட்டியாய் எழுதுவார்கள். மற்றது, உள்ளுக்குள் கொதிக்கிற புரட்சிக்காரனாய் எழுதுவார்கள். இரண்டும் சினிமாவில் பார்த்தது. உடம்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: அன்றைக்கு அவன் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான், கையில் எங்கே வெட்டுப்பட்டது, உபாலி நித்திரையான பிறகு அவன் என்ன பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு உண்மையாய் வந்தால் மனமும் பின்னால் வரும்.

இதைச் செய்து முடித்த பிள்ளை தன் கூட்டாளி வட்டத்தில் எப்போதும் இடம் தெரிவு செய்வது யார், எப்போதும் சரி சரி என்று பின்னால் வருவது யார் என்று தானாகவே யோசிக்கும். பிரிந்துபோன கூட்டாளியின் பக்கத்து நியாயம் அந்த வழியால்தான் தெரியவரும். வாயால் சொன்னால் தெரியாது.

மருதானை ராத்தா

தலவாக்கலை நானா எழுதினதை அச்சடித்து வைக்கலாம் போல இருக்கு. நான் நடைமுறைச் சிக்கல்களைச் சொல்லுறேன்.

நாள்: வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஏலாது. ஞாயிறு காலையில் தேவாலயம், அறநெறி வகுப்பு. சனி முழுக்க ரியூசன். போயா தினம் எல்லாருக்கும் லீவு என்று பலர் யோசிக்கிற, ஆனா மாதத்துக்கு ஒருக்கா என்றால் போன தடவை எங்க விட்டது என்று ஒருத்தருக்கும் நினைவிருக்காது. பத்து நாளுக்கு மேல இடைவெளி விடாதீங்க. ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் பெரும்பாலும் சரிவரும். நோன்பு காலத்தில் அதே நேரம் வைத்தால் தேத்தண்ணியை எல்லாருக்கும் நிப்பாட்டிடுங்க, ஒரு பிள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இடம்: காலி வீதிப் பக்கத்து அறை வேண்டாம், பஸ் ஹோர்னில் வாசிப்புக் கேட்காது. கடற்கரைப் பக்கம் என்றால் கோச்சி போற நேரம் பார்த்து வைங்க.

பாதுகாப்பு: எப்பவும் பெரிய ஆட்கள் இரண்டு பேர் இருக்கணும். பெற்றோரின் சம்மதம் எழுத்தில். நடத்துற ஆளுக்கும் ஒரு பிள்ளைக்கும் இடையில் தனி வட்ஸ்அப் செய்தி கூடாது, எல்லாம் குழுவுக்குள்ள. குழுவில் நேர மாற்றம் மட்டும் போடுங்க. வட்டத்தில் கதைச்சதை ஆரும் அங்க எழுதக் கூடாது, எழுதினது ஸ்கிரீன்ஷொட் ஆகிப் பாடசாலை முழுக்கப் போகும். 'அனுப்பாத கடிதம்' எழுதுற பயிற்சி பல இடத்தில் செய்யுறாங்க, ஏழு நிமிடம் கொடுத்து எழுத விடுவது. நல்ல பயிற்சிதான். ஆனா அந்தக் கடிதத்தைச் சேகரிக்கவோ வாசிக்கவோ கூடாது. கிழிச்சுப் போடுறதா கொண்டுபோறதா என்று பிள்ளை தீர்மானிக்கட்டும். போன்களை வாசலில் ஒரு கூடையில் போட்டுட்டு வரச் சொல்லுங்க, அந்த ஏழு நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையின் கடிதத்தைப் படம் எடுத்தால் வட்டமே முடிஞ்சுது.

வெள்ளவத்தை வாசகி

எல்லோருக்கும் மெத்தப் பெரிய நன்றி. இரண்டு கேள்வி. ஏழு பிரதி வாங்கப் பணம் போதாது, ஒன்றை வாங்கி போட்டோ கொப்பி அடிக்கலாமா? மற்றது, கனடா போன பிள்ளையும் சேர்ந்து வாசிக்க வழி உண்டா? பிரிந்தவர்களில் ஒருத்தியை வெளியில் விட்டுவிட்டு மிச்சப் பேருக்கு மட்டும் ஆறுதல் தேடுவது சரியாய்ப் படவில்லை.

நூலகத்தடி

முழுப் புத்தகத்தையும் கொப்பி அடிப்பதோ, ஸ்கேன் பண்ணிக் குழுவில் போடுவதோ கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுக்கு உரிமை நிற்கும். விக்கிரமசிங்க இறந்தது 1976இல், ஆக 2046 வரைக்கும். மொழிபெயர்ப்பாளரின் உரிமை அதற்கு வேறாய் இருக்கிறது.

ஏழு பேருக்கு நாலு பிரதி போதும். இரண்டு பேருக்கு ஒன்று, நடத்துபவர் தனிக்கு நிற்கிற பிள்ளையோடு சேர்ந்து பார்க்கலாம். ஞாயிறு தொடக்கம் புதன் வரை ஒரு பிள்ளை, வியாழன் தொடக்கம் ஞாயிறு வரை மற்றப் பிள்ளை. கை மாறும் இடத்தையும் முதலே பேசி வைத்தால் பிரச்சினை வராது. ஏற்கெனவே கூட்டாளிகளாய் இருப்பவர்களைச் சோடி சேர்க்காதீர்கள். ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேருக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்தால், கிழமைக்கு ஒரு தடவை கட்டாயம் சந்தித்து நாலு வார்த்தை பேச வேண்டி வரும்.

நாவலை 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார். அதை ஆறாம் கிழமைக்குப் பிறகு காட்டுங்கள். முதலே காட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முகம் மனதில் பதிந்துவிடும்.

கொட்டாஞ்சேனைக் குமரன்

கனடாப் பிள்ளைக்கு: ரொறன்ரோ எங்களைவிட கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. எங்கள் ஞாயிறு பின்னேரம் 4 மணி அங்கே விடியற்காலை, சரிவராது. ஆகவே வட்டத்தைக் குழப்பாமல், வட்டம் முடிந்த பிறகு இரவு 8 மணிக்கு அந்தப் பிள்ளையோடு 20 நிமிட அழைப்பு வையுங்கள். அங்கே காலை பத்தரை அல்லது ஒன்பதரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவார்கள், அந்தக் கிழமைகளில் முதல்நாளே ஞாபகப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒருவர் காத்திருக்க மற்றவர் வராமல் விட, அதுவே புதுக் கோபம் ஆகிவிடும்.

வட்டத்தில் கதைத்ததை அறிக்கை வாசிப்பதுபோல் ஒப்புவிக்க வேண்டாம். இரண்டு பக்கம் வாசித்துக் காட்டட்டும், அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு பக்கத்தை வாசிக்கட்டும். ராத்தா சொன்ன இரண்டு பெரியவர் விதி இந்த அழைப்புக்கும் பொருந்தும், வீட்டில் ஒருவர் அருகில் இருக்கட்டும். பதிப்பு வேறாய் இருந்தால் பக்க எண் பொருந்தாது, அத்தியாயத்தையும் பந்தியின் முதல் வார்த்தையையும் சொல்லிக்கொள்ளுங்கள். தொடர்பு அறுந்து அறுந்து வந்தால் குரல் பதிவாய் அனுப்பலாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நாவல் முடிகிற நாளைப் பற்றியும் முதலே யோசியுங்கள். வாசிக்கும் வரைக்கும் இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் இருக்கிறது, முடிந்ததும் வெறுமை. ஐந்தாம் கிழமையிலேயே அடுத்து என்ன வாசிப்பது என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். பெரியவர்கள் தெரிவு செய்து கொடுக்கக் கூடாது.

வெள்ளவத்தை வாசகி

கடைசியாய் ஒன்று. வேகமாய் வாசிக்கிற பிள்ளை முதல் கிழமையிலேயே முழுவதையும் முடித்துவிட்டு வந்து முடிவைச் சொல்லிவிட்டால்?

தெஹிவளை டீச்சர்

கட்டாயம் ஒருத்தி அப்படி வருவாள். ஏசாதீர்கள், அவளுக்குக் கதை அவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது. ஒரு கொப்பியைக் கொடுத்து, முதல் தடவை பார்க்காமல் விட்டு இரண்டாம் தடவையில் கண்ட இடங்களை மட்டும் பக்க எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். கிழமைக்கு மூன்று இடம். ஆறாம் கிழமை அவள் தன் கொப்பியிலிருந்து வாசிக்கட்டும். முடிவை உளறிவிட்டாலும் வட்டத்தை நிறுத்த வேண்டாம். "சரி, தீவுக்குத் திரும்பிப் போறான் என்று தெரியும். அதுவரைக்கும் அவனுக்குத் தடையாய் என்னென்ன வரப்போகுது?" என்று கேட்டுவிட்டு, பென்சில் குறி இருக்கிற பக்கத்தைத் திறவுங்கள்.